வில்பத்து, மன்னார், சுண்டிக்குளம்: குடும்பத்தோட போறவைக்குக் கேள்வி பதில்

வன்னியிலிருந்து பிள்ளைகள், பெரியவர்களோடு காடும் கடலேரியும் பார்க்கப் போகிறவர்கள் கேளுங்கோ. வீதி, வாகனம், காலம், காட்டு விதிகள் பற்றி எழுதுகிறேன். விடுதி விலை கேட்க வேண்டாம், அது கிழமைக்குக் கிழமை மாறும்.

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, ஓகஸ்ட் லீவில மூண்டு நாள் இருக்கு. பிள்ளையள் ரெண்டு பேர், 4 வயசும் 9 வயசும். அம்மா அப்பாவும் வருவினம். வான் இருக்கு. வில்பத்து, மடு, மன்னார், சுண்டிக்குளம் நாலையும் பார்க்கலாமோ?

பதில்: சுண்டிக்குளத்தை இப்போதே வெட்டி விடுங்கோ. ஓகஸ்ட்டில் கடலேரி வற்றிக் கிடக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்காது. மற்ற மூன்றும் ஒரு வளையத்தில் வரும்.

முதல் நாள் காலை கிளிநொச்சியில் வெளிக்கிட்டு, வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம் ஊடாக நொச்சியாகம பக்கம் போய்த் தங்குங்கோ. வில்பத்தின் ஹுனுவிலகம வாசல் அங்கேதான், ஏ12 வீதியிலிருந்து உள்ளே. வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6 மணிக்கு மூடும். இரண்டாம் நாள் அந்த ஆறு மணிக்கே அரைநாள் ஜீப்பில் உள்ளே போங்கோ. உங்கள் வான் வேண்டாம், உள் வீதி மணலும் பள்ளமும், உயரமான ஃபோர் வீல் வாகனம்தான் சரி. நாலு வயதுப் பிள்ளையோடு முழுநாள் ஜீப் எடுக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் வெயிலில் மிருகங்களும் நிழலுக்குப் போய்விடும், பிள்ளையும் களைத்துவிடும். தாத்தா பாட்டியை ஜீப்பின் முன்வரிசையில் இருத்துங்கோ. பின் அச்சுக்கு மேலே உள்ள இருக்கைதான் அதிகம் தூக்கிப் போடும், முதுகு நோவுக்காரருக்கு அது ஆகாது.

காட்டுக்குள் இறங்கிச் சாப்பிட ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் இறங்கலாம். அதனால் வாசலில் உள்ள கழிப்பறைக்கு எல்லாரையும் கட்டாயம் அனுப்பிவிட்டு ஏறுங்கோ. சின்னவருக்கு மூடியுள்ள சின்ன வாளி ஒன்று வையுங்கோ.

மதியம் ஒரு மணிக்காவது அங்கிருந்து கிளம்புங்கோ. மன்னாருக்கு 150 கிலோமீற்றர் அளவு, மூன்று மணித்தியாலம். மடு தேவாலயம் ஏ14 இலிருந்து உள்ளே திரும்ப வேண்டும், அதற்கு ஒரு மணித்தியாலம் சேர்த்துக்கொள்ளுங்கோ. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்தத் தேதிக்கு முன்பின் நாட்களில் போனால் வீதியும் விடுதியும் நிரம்பியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை பள்ளிமுனைப் பெருக்கமரம், திருக்கேதீச்சரம் பார்த்துவிட்டு, ஏ32 இல் பூநகரி வந்து பரந்தனுக்குத் திரும்புங்கோ. மன்னாரிலேயே எண்ணெய் நிரப்பிவிடுங்கோ, அந்த வீதியில் ஊர்கள் தூரத்துக்குத் தூரம்தான்.

கேள்வி (வவுனியா): மப்பில புத்தளத்தில இருந்து எலுவன்குளம் ஊடாக மன்னாருக்கு நேர் றோட்டு காட்டுது. அதால போனா கெதியாப் போகலாமே?

பதில்: அது வில்பத்துக் காட்டுக்குள்ளால் போகிற பாதை. வழக்குக்குப் போன வீதி அது. கலா ஓயா ஆறு பெருகினால் அங்குள்ள தாழ்ந்த பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அநுராதபுரம், மதவாச்சி ஊடாகவே போங்கோ.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கனடாவில இருந்து அண்ணா குடும்பம் வருது. எல்லாருக்கும் எங்கட ரிக்கெற் எடுக்கலாமோ?

பதில்: இலங்கை அடையாள அட்டை காட்டுகிறவருக்கு உள்நாட்டுக் கட்டணம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவருக்கு வெளிநாட்டுக் கட்டணம், அது பல மடங்கு. தமிழில் கதைப்பதால் அது குறையாது. தலைக்கணக்குக்கு மேலே வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று சேரும். ஜீப்காரர் சொல்லும் தொகையில் நுழைவுச்சீட்டு உண்டா என்று முதலே கேட்டு வையுங்கோ. வாசலில் வரும் சண்டை பெரும்பாலும் அதாலேதான்.

கேள்வி (விசுவமடு): சுண்டிக்குளத்துக்கு எப்ப போறது நல்லம்? வானை உள்ள விடலாமோ?

பதில்: 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கிய இடம், 2015 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். வலசைப் பறவைகள் நவம்பரிலிருந்து மார்ச் வரை. அதில் நவம்பரும் டிசம்பரும் அடைமழை. ஜனவரி கடைசி, பெப்ரவரிதான் குடும்பத்துக்கு ஏற்ற காலம். தண்ணீரும் நிற்கும், வீதியும் காய்ந்திருக்கும்.

வானைப் பற்றிக் கவனமாக வாசியுங்கோ. கடலேரிக் கரையில் வெள்ளையாக, காய்ந்து வெடித்த தரை தெரியும். அது மேலே விரல் தடிப்புக்கு உப்புப் பொருக்கு, கீழே கறுத்த சேறு. ஆள் நடந்தால் தாங்கும், வான் ஏறினால் அச்சுவரை இறங்கும். இறங்கிக் குதிக்காலால் ஓங்கி மிதியுங்கோ. பொருக்கு உடைந்து கறுப்பு ஈரம் தெரிந்தால் அந்த இடத்திலேயே திரும்புங்கோ. மணலில் போக வேண்டி வந்தால் ரயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கோ, ரயர் அகன்று மணலை மிதிக்கும். தார் வீதிக்கு ஏறுமுன் திரும்ப நிரப்ப வேண்டும், காற்றில்லாத ரயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். சிகரெட் லைற்றர் துளையில் கொழுவும் சின்னப் பம்ப் போதும். புதைந்த பிறகு அக்சிலறேற்றரை மிதிக்காதீர்கள், சில்லு தன் குழியைத் தானே தோண்டும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கோ.

கேள்வி (நெடுங்கேணி): பாலைப்பழக் காலத்தில போறம். பிள்ளையளோட இறங்கிப் பொறுக்கலாமோ?

பதில்: வேண்டாம். அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும். மரத்தில் ஏறியிருக்கிற கரடி உங்களைக் கண்டால் நேரே கீழேதான் இறங்கும். வீதியோரம் விற்கிறதை வாங்குங்கோ. கரடி பார்க்க வில்பத்துக்கு அந்த மாதங்களிலேயே ஜீப்பில் போங்கோ.

கேள்வி (மாங்குளம்): ஆறு மணி வாசலுக்கு நாங்கள் இரவு ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டா ஒரு நாள் அறைக் காசு மிச்சம். பிள்ளையளும் நித்திரையாக் கிடக்குங்கள்.

பதில்: இந்தத் திட்டமே வேண்டாம். முதல் நாளே போய்த் தங்குங்கோ. வீதியில் மாடும் யானையும் நிற்கும்.

கேள்வி (வவுனியா, வேறொருவர்): அண்ணை, நீங்கள் சும்மா பயப்படுத்துறீங்கள். இரவில றோட்டு வெறுமை, ஹை பீம் போட்டா எல்லாம் தெரியும்.

பதில்: தம்பி, கணக்கைப் பாருங்கோ. 80 இல் ஓடினால் காய்ந்த வீதியில் நிறுத்த 50 மீற்றருக்கு மேல் வேண்டும், ஆள் நிறைந்த வானுக்கு இன்னும் கூட. டிம் லைற்றில் கறுத்த மாடு ஒன்று தெரிவது 40 மீற்றர் அளவில். தெரிந்த பிறகு பிரேக் பிடித்துப் பயனில்லை. மாடுகள் இரவில் தார் வீதிக்கே வந்து படுக்கும், சூடும் காய்ந்த தரையும் அங்கேதான்.

அவரே: நான் டிம் எண்டு சொல்லேல்ல, ஹை பீம் எண்டுதானே சொன்னனான்.

பதில்: எதிரே பஸ் வந்தால் டிம் பண்ணத்தானே வேண்டும்? அவன் வெளிச்சம் போன பிறகு கண் பழக ஐந்து செக்கன் என்று வையுங்கோ. 80 இல் அது 110 மீற்றர் கண்மூடி ஓடுவதற்குச் சமம். யானை அதைவிட மோசம். சாம்பல் உடம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, கால் நாலும் மரம் போல நிற்கும்.

கேள்வி (செட்டிகுளம்): அண்ணை சொல்றது சரி. ஆனா ஆஸ்பத்திரிக்கு இரவில போகத்தானே வேணும்?

பதில்: அவசரத்துக்குப் போகத்தான் வேண்டும். அப்போது 50 க்கு மேல் போகாதீர்கள். யானை ஒன்று வீதி கடந்தால் 100 மீற்றர் தள்ளியே நில்லுங்கோ, அதன் பின்னால் யானைக் கூட்டம் வரும். ஹோர்ன் அடிக்காதீர்கள், லைற்றை அடித்து அடித்து அணைக்காதீர்கள். நோயாளிக்கு 1990 அம்புலன்ஸ் இருக்கிறது. சுற்றுலாவில் அந்த அவசரம் இல்லை, அறைக் காசு மிச்சம் பிடிக்கப் பிள்ளைகளை இருட்டில் ஏற்றாதீர்கள்.

கேள்வி (கிளிநொச்சி): இரணைமடுவில குளிக்கலாமோ?

பதில்: முதலை இருக்கிறது. குளிக்க வேண்டாம்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): மூண்டு நாள் போதுமோ?

பதில்: முதல் பதிலை வாசியுங்கோ.

கேள்வி (முல்லைத்தீவு): வழியில பெண்பிள்ளையளுக்கு அவசரம் வந்தா காட்டோரம் நிப்பாட்டலாமோ?

பதில்: வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் வாகனக் கதவையும் திறக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் வீதியோரக் காட்டுக்குள் இறங்க வேண்டாம், பாம்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும், கச்சானும் வாங்கலாம். மற்ற இடங்களில் எண்ணெய்ச் செற்றில் கேளுங்கோ.

கேள்வி (பூநகரி): விடிய மூண்டு மணிக்கு வெளிக்கிட்டா?

பதில்: அதுவும் இருட்டுத்தான். மேலே எழுதியதை வாசியுங்கோ.

கேள்வி (மல்லாவி): மகளுக்கு வானில சத்தி வரும். என்ன குடுக்கலாம்?

பதில்: ஏறுமுன் எண்ணெய்ப் பலகாரம், பால் வேண்டாம். இரண்டு இட்டலி அல்லது காய்ந்த பாண் போதும். நடுவரிசையில், முன்னே வீதி தெரிகிற மாதிரி இருத்துங்கோ, கைத்தொலைபேசியைப் பார்க்க விடாதீர்கள். மாத்திரை கொடுப்பதானால் வயதையும் நிறையையும் பாமசியில் சொல்லி வாங்கி, வெளிக்கிட அரை மணித்தியாலம் முன் கொடுங்கோ. சத்தி வந்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.