வழிகாட்டியுடன் இன்கா பாதையில் நான்கு நாள் நடந்தவர்களுக்கு எது மிகக் கடினமாக இருந்தது? இன்னும் மூன்று மாதத்தில் நானும் போகிறேன்.

என்னைக் கேட்டால், மெதுவாக நடப்பதுதான். பெரு நாட்டில், இன்காக்கள் என்ற பழங்கால மக்கள் கட்டிய மலை நகரமான மச்சு பிச்சுவுக்குச் செல்லும் இந்தப் பாதையில் நான் ஒரு ஜூன் மாதத்தில் நடந்தேன். தினமும் காலையில் ஓடிப் பழகியவன் என்பதால் மலை என்னை என்ன செய்துவிடும் என்ற மிதப்பு இருந்தது.

குஸ்கோ நகரத்திலிருந்து வரும் ரயில் பாதையின் 82ஆம் கிலோமீட்டரில் நடை தொடங்குகிறது. மொத்தத் தொலைவு ஏறக்குறைய 43 கிலோமீட்டர். முதல் நாள் உருபாம்பா ஆற்றை ஒட்டிய எளிய நடைதான், அதில் சொல்வதற்கு அதிகமில்லை. இரண்டாம் நாள், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள வாய்லாபாம்பா கிராமத்திலிருந்து 4,215 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஒரே மூச்சாக ஏற வேண்டும். அந்த மலைப்பகுதி மக்களின் கெச்சுவா மொழியில் அதன் பெயர் வார்மிவான்யுஸ்கா, அதாவது 'இறந்த பெண்'. தொலைவிலிருந்து பார்த்தால் மலைமுகடு ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பதைப் போலத் தெரியும்.

அன்று காலை நான் வழிகாட்டியைத் தாண்டி விறுவிறுவென ஏறினேன். காடு முடிந்து யூயுச்சாபாம்பா என்ற புல்வெளி வருவதற்குள் தலை விண்விண்ணென்று வலிக்கத் தொடங்கியது; குமட்டலும் சேர்ந்துகொண்டது. பின்னால் நிதானமாக வந்த வழிகாட்டி என்னை ஒரு கல்லில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, தலைவலி தணிந்த பிறகே எழவிட்டார். அதன்பின் அவர் விதித்தது ஒரே நிபந்தனை: நடந்துகொண்டே அவருடன் பேச முடிய வேண்டும், பேச்சு திணறினால் நின்றுவிட வேண்டும். அந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான் என்றாலும், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதமாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது குறைவு. உடல் வலிமை இதற்குக் காப்பு ஆகாது. வலிமை உள்ளவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு தவறும் செய்தேன். நடைக்கு முன் குஸ்கோவில் ஒரே ஒரு நாள்தான் தங்கினேன். அந்த நகரமே சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய்ச்சேரும் மச்சு பிச்சுவோ அதைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் தாழ்வானது. ஆகவே விமானத்திலிருந்து இறங்கியதும் குஸ்கோவைவிடத் தாழ்வான ஒயாந்தாய்டாம்போ என்ற ஊருக்குச் சென்று இரண்டு மூன்று இரவுகள் தூங்கி, அங்கிருந்தே நடைக்குக் கிளம்புவது நல்லது. உயரத்தால் இப்படி வரும் தலைவலி, குமட்டலுக்கு, அதாவது மலை நோய்க்கான மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் ஆறு கிலோ பையுடன் மூச்சிரைத்து நின்றபோது, கூடாரத்தையும் அடுப்பையும் சுமந்தபடி, களைப்புத் தெரியாமல் இருக்க அங்குள்ளவர்கள் மெல்லும் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிய சுமைதூக்குவோர் என்னைக் கடந்து ஏறக்குறைய ஓடினார்கள். அவர்கள் வரும்போது பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச் சரிவை ஒட்டி நிற்க வேண்டும். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது சட்டம். நுழைவிடத்தில் சுமையை எடை போட்டுப் பார்க்கிறார்கள். மலிவான பயணத்தைத் தேடும்போது யாருடைய கூலி குறைகிறது என்பதையும் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வழிகாட்டி இல்லாமல் இந்தப் பாதையில் அனுமதி கிடையாது. பணியாளர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் இடம் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். பிப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள்.

ஏறுவதற்கு மட்டும் பயிற்சி எடுத்துக்கொண்டு வராதீர்கள். மூன்றாம் நாள் புயுபாதாமார்கா என்ற இன்கா இடிபாட்டிலிருந்து வின்யாய் வாய்னா என்ற இன்னொரு இடிபாடு வரை இன்காக்கள் பதித்த கற்படிகளில் சுமார் 1,000 மீட்டர் இறங்க வேண்டும். படிகளின் உயரம் ஒன்றுபோல் இருக்காது. முனையில் ரப்பர் மாட்டிய இரண்டு கைத்தடிகள் அவசியம். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் மின்தூக்கியில் ஏறிப் படியில் இறங்கிப் பழகுங்கள். நான் அதைச் செய்யவில்லை. மூன்றாம் நாள் இரவு முழங்காலை மடக்க முடியாமல், கூடாரத்துக்குள் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்துதான் போனேன்.