30-உம் 20-உம் சேர்ந்தால் 50 ஆகாது

கேள்வி: என் அண்ணனுக்குச் சிறு வயதில் போலியோவால் இடது கால் சூம்பிவிட்டது. 30 சதவீதம் என்று பழைய சான்றிதழ் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் விபத்தில் வலது கையும் மடக்க முடியாமல் போய்விட்டது. உதவித்தொகை கேட்டுப் போனால், 40 இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். கைக்கு 20 போட்டாலே 50 வருமே?

பதில்: திருப்பி அனுப்பியவர்மேல் தப்பில்லை. அவர் பார்த்த தாளில் 30 என்றுதான் இருக்கிறது. கையை இன்னும் எந்த மருத்துவ வாரியமும் அளக்கவில்லை. விஷயம் அங்கேதான் நிற்கிறது.

40 என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வைத்திருக்கும் கோடு. அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் என்ற இடஒதுக்கீடெல்லாம் இதைத் தொட்டவர்களுக்குத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு உறுப்பு பாதிக்கப்பட்டால் சதவீதத்தை அப்படியே கூட்ட மாட்டார்கள். 90-இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். காலுக்கு 30, கைக்கு 20 என்றால் 43 சொச்சம். கைக்கு 15 கிடைத்தாலே சரியாக 40. 10 என்றால் 37-ஐக்கூடத் தொடாது. அதனால் கையின் அளவீடுதான் உங்கள் வழக்கு. விபத்து நடந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பிசியோதெரபி சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள். அப்புறம் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில் மறுமதிப்பீடு கேட்டு விண்ணப்பியுங்கள். வாரியத்தின் முன் போகும்போது காலையும் கையையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் புதிதாக வந்த குறையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதும் உண்டு.

முடிவு திருப்தியில்லை என்றால் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். நாள் கடத்த வேண்டாம்.

40 வந்துவிட்டால் உடனே பணம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். சான்றிதழ் வேறு, திட்டம் வேறு. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதும் வேண்டும். மாநிலத் திட்டங்களுக்குத் தனித்தனி சதவீதம், வயது, வருமான வரம்பு. எதற்கு விண்ணப்பித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் திட்டத்தின் அரசாணையை முதலில் வாங்கிப் படியுங்கள்.

இன்னொன்று. சதவீதத்தை ஏற்றித் தருகிறேன் என்று வாரிய வாசலில் யாராவது வந்து நிற்கலாம். அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் அதே சட்டத்தின் 91-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே விதிக்கலாம். மாட்டுவது தரகர் இல்லை, உங்கள் அண்ணன்.