பட்டறைக் கேள்வி–பதில்: வெல்டிங் வண்டியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வீட்டுப் பட்டறையில் 8 கிலோ எடையுள்ள இன்வெர்ட்டர் இயந்திரத்தை வைத்து ராடு வெல்டிங் செய்துவருகிறேன். அடுத்து ஒரு மிக் இயந்திரமும் (வாயுவின் பாதுகாப்பில் கம்பியைத் தானாகத் தள்ளிப் பற்றவைப்பது) அதற்கான வாயு சிலிண்டரும் வாங்க எண்ணியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஏற்றித் தள்ளிச்செல்ல நானே ஒரு வண்டி செய்ய விரும்பி, மிக் இயந்திரத்தின் நீள அகலங்களை வைத்து வரைபடமும் போட்டுவிட்டேன். தொடங்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வரைபடத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, எந்த அளவுச் சிலிண்டரை வாங்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இயந்திரத்தை மேல்தட்டில் எப்படி வேண்டுமானாலும் உட்கார வைத்துவிடலாம். வண்டியின் அகலம், சக்கரம், அச்சு எல்லாவற்றையும் தீர்மானிப்பது சிலிண்டர்தான். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய எஃகுச் சிலிண்டர் வாயுவுடன் சேர்த்து 20 கிலோவை ஒட்டித்தான் வரும். ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிலிண்டரோ ஒன்றரை மீட்டர் உயரமும், வெறுமையாக இருக்கும்போதே ஏறத்தாழ 60 கிலோ எடையும் கொண்டது. இன்று சிறியது போதும் என்று கட்டிய வண்டியில் நாளை பெரியதை ஏற்றும் ஆசை வராமல் இருக்காது என்பதால், பெரியதற்கே கணக்குப் போடுவது நல்லது.

பக்கவாட்டில் சாயாமல் நிற்கும் தன்மையை ஒரு சிறு கணக்கால் பார்த்துவிடலாம். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 45 செ.மீ. அகலமும், முழுச் சுமையின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் இருந்தால், வண்டி சுமார் 20 பாகை சாய்ந்ததுமே கவிழும். அதே மையத்தை 40 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் சுமார் 29 பாகை வரை தாங்கும். எனவே கனமானவை கீழே போக வேண்டும், சிலிண்டர் நிற்கும் தட்டு தரையிலிருந்து 6 அல்லது 7 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. அந்த உயரம் என்றால் சிலிண்டரைச் சற்றே சாய்த்து விளிம்பால் உருட்டி ஏற்றிவிடலாம், தூக்க வேண்டியதில்லை. முன்னால் நீங்கள் பொருத்தும் திரும்பும் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பி நிற்கும் நேரத்தில் தாங்கும் அகலம் இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரங்கள் 15 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள நிலையான சக்கரங்களாகவும், முன்சக்கரங்கள் பிரேக் உள்ள 10 செ.மீ. திரும்பும் சக்கரங்களாகவும் இருப்பது வசதி. சிலிண்டரின் நடுக்கோடு பின்னச்சுக்கு நேர் மேலே அல்லது அதற்குச் சற்று முன்னே வர வேண்டும். ஒருபோதும் பின்னே போகக் கூடாது. என் முதல் வண்டியில் அதைத்தான் செய்திருந்தேன். மேல்தட்டில் இயந்திரம் இருந்தவரை வண்டி ஒழுங்காக நின்றது. பழுது பார்ப்பதற்காக இயந்திரத்தைக் கழற்றித் தூக்கிய அந்த நொடியில் முன்சக்கரங்கள் இரண்டும் மேலெழும்பி, வண்டி சிலிண்டரோடு சுவரில் போய்ச் சாய்ந்தது. சுவர் மட்டும் அங்கே இல்லாவிட்டால் ரெகுலேட்டர் தரையில் மோதியிருக்கும். இன்னொன்று: பெரிய சக்கரத்தின் அச்சை ஒரே கம்பியாகக் குறுக்கே விட்டால், சிலிண்டரைப் பின்னாலிருந்து ஏற்றும்போது அந்தக் கம்பி வழியை மறிக்கும். இருபுறமும் தனித்தனிக் குட்டை அச்சுகளாக வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு தகடுகளுக்கு நடுவே தாங்கவிட்டால் வழி திறந்துகொள்ளும்.

சக்கரம் வாங்கும்போது மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுங்கள். மேடுபள்ளமான தரையில் எந்த நேரமும் மூன்று சக்கரங்கள்தான் உண்மையில் சுமையைத் தாங்கும். வாயுவோடு சிலிண்டர் 90, இயந்திரங்கள் 30, வண்டி 20 என்று 140 கிலோ வந்தால், ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 47 கிலோ தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். திரும்பும் சக்கரங்களைச் சட்டத்தோடு நேரடியாகப் பற்றவைக்கத் தோன்றும், வேண்டாம். சூட்டில் உள்ளிருக்கும் கிரீஸ் உருகி ஓடிவிடும், மேற்பூச்சிலிருந்து புகையும் கிளம்பும், பிறகு ஒரு சக்கரம் பழுதானால் கிரைண்டரால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். 6 மி.மீ. தகட்டைச் சட்டத்தில் பற்றவைத்து, அதில் துளையிட்டுப் போல்ட்டால் முடுக்குங்கள்.

சங்கிலி மாட்டும் வளையங்களை இரண்டு உயரங்களில் வையுங்கள். ஒன்று சிலிண்டரின் மேல் மூன்றில் ஒரு பங்கில், மற்றொன்று கீழே. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் வாயு திரவ நிலையில் இருப்பதால் அதை எப்போதும் நிமிர்ந்த நிலையில்தான் பயன்படுத்த வேண்டும். வளையம் விட்டுப்போயிற்று என்று பின்னால் நினைவு வந்தாலும், சிலிண்டரை இறக்கி அப்புறப்படுத்திய பிறகே வண்டியில் ராடைத் தொடுங்கள்.

கேள்வி: கைவசம் பழைய ஜி.ஐ. குழாய்கள் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள்) நிறைய இருக்கின்றன. அவற்றைக் கொண்டே சட்டத்தைச் செய்துவிடலாமா?

பதில்: பற்றவைக்கப்போகும் சட்டத்துக்கு அவற்றை நான் எடுக்க மாட்டேன். ஜி.ஐ. குழாயின் மேலுள்ள துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். இரும்போ 1500 பாகையை ஒட்டித்தான் உருகும். ஆகவே நீங்கள் இரும்பை உருக்குவதற்கு வெகுமுன்பே துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பிவிடுகிறது. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடல்வலி என்று ஃப்ளூ போன்ற தொல்லைகள் வரும். பற்றவைப்பும் துளை துளையாக வரும். இணைப்புகளில் சில செ.மீ. தூரத்துக்கு உள்ளும் புறமும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செய்பவர்கள் உண்டு, ஆனால் குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்வது சொல்வதுபோல் எளிதல்ல. போல்ட்டால் பூட்டும் கைப்பிடிக்கு அந்தக் குழாய்களை வைத்துக்கொண்டு, சட்டத்துக்குச் சாதாரண இரும்பில் 25 மி.மீ. சதுரக் குழாயை 2 மி.மீ. கனத்தில் வாங்குங்கள், சிலிண்டர் தட்டுக்கு மட்டும் 40 மி.மீ. ஆங்கிள் போடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் குளோரின் கலந்த கரைப்பான்களை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் ஆவி வெல்டிங் சுடரின் புற ஊதாக் கதிரிலும் வெப்பத்திலும் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும்.

கேள்வி: இதற்கு முன் செய்த ஒரு மேசை கோணிப்போய், ஒரு கால் தரையில் படாமலேயே நிற்கிறது. வண்டியும் அப்படி ஆகாமல் இருக்க எந்த வரிசையில் பற்றவைக்க வேண்டும்?

பதில்: ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போயிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலை முழுதும் இழுத்த பிறகு மற்ற மூலைகள் அதன் போக்கில்தான் வந்தாக வேண்டும். சமதளமான இடத்தில் துண்டுகளைப் பரப்பி, மூலைமட்டம் வைத்து, எல்லா மூலைகளிலும் சிறு டேக் (துண்டுகளைப் பிடித்துவைக்கும் புள்ளிப் பற்றவைப்பு) மட்டும் வையுங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு குறுக்கு நீளங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் செம்மையாக இருக்கிறது, 3 மி.மீ. கூடுதல் குறைவு தெரிந்தால், நீளமான குறுக்கின் முனையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் டேக் வளைந்துகொடுக்கும். முழுப் பற்றவைப்புக்குப் பிறகு அந்தத் தட்டுக்கு எந்தப் பலனும் இல்லை. அளவு சரியான பின், ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். 2 மி.மீ. குழாய்க்கு 2.5 மி.மீ. கனமுள்ள 6013 ராடும், 60 முதல் 80 ஆம்பியரும் போதும். ஓட்டை விழுந்தால் ஆம்பியரைக் குறையுங்கள்.

குழாயின் இரு முனைகளையும் மூடி அடைப்பதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். இல்லையெனில் உள்ளே சூடேறி விரியும் காற்று, கடைசி இடைவெளியை நீங்கள் மூடும் நேரத்தில் உருகிய குழம்பைத் துப்பிக்கொண்டு வெளியேறும்.

கேள்வி: மேல்தட்டு, கேபிள், ஹோல்டர், தீயணைப்பான் இவற்றையெல்லாம் எப்படி அமைக்கலாம்?

பதில்: மேல்தட்டைப் பின்பக்கம் 10 முதல் 15 பாகை வரை சரித்து, ஓரத்தில் 2 செ.மீ. விளிம்பு வைத்தால், குனியாமலே எண்களைப் படிக்கலாம், இயந்திரமும் வழுக்கி விழாது. அதன் பின்புறத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே குறைந்தது 15 செ.மீ. இடைவெளி விடுங்கள், விசிறிக்குக் காற்றோட்டம் வேண்டும். கிரைண்டரை இயந்திரத்தின் காற்றுத் துளைகளுக்கு அருகில் ஓட்டாதீர்கள்; உள்ளே போகும் இரும்புத் தூள் மின்பலகையில் படிந்து ஷார்ட் ஆக்கிவிடும்.

ராடைப் பிடிக்கும் ஹோல்டரை மாட்டும் கொக்கிதான் பலர் கோட்டைவிடும் இடம். இரும்புக் கொக்கியில் ராடோடு ஹோல்டரைத் தொங்கவிட்டு, எர்த் கிளாம்பும் (மின்சுற்றை முடிக்க வேலைப்பொருளில் மாட்டும் பிடி) வண்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால், ராடின் நுனி சட்டத்தில் பட்டதும் சுடர் பிடிக்கும். நுனி சிலிண்டரில் பட்டால் அதன் சுவரில் விழும் சிறு தீக்காயமே அந்தச் சிலிண்டரைக் கழித்துக்கட்டப் போதுமானது. ஆகையால் சிலிண்டர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மரக்கட்டையால் ஆன கொக்கியை வையுங்கள். ஹோல்டரை மாட்டும் முன் ராடைக் கழற்றிவிடும் பழக்கமும் வேண்டும். கேபிளுக்கு அகலமான வளைவுள்ள இரண்டு கொக்கிகள் போதும்; வேலை செய்யும்போது கேபிளைச் சுருளாகவே விட்டுவைக்காமல் முழுதும் இறக்கிப் பரப்புங்கள், சுருளுக்குள் சூடு தங்கும். ராடுகளை வைக்க, அடிமூடிய இரும்புக் குழாய் நல்லது. பிளாஸ்டிக் குழாய் பொறி பட்டு உருகும். 7018 போன்ற ராடுகளை வண்டியில் வைக்கவே வேண்டாம், அவை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

தீயணைப்பானை வண்டியில் பொருத்தும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீப்பிடித்தால் பெரும்பாலும் வண்டியைச் சுற்றித்தான் பிடிக்கும், அப்போது அங்கே கைநீட்டி எடுக்க முடியாது. வெளியேறும் கதவை ஒட்டிச் சுவரில் மாட்டி, வண்டியில் அந்த இடத்துக்குக் கசடு தட்டும் சுத்தியலையும் கம்பித் தூரிகையையும் தொங்கவிடுங்கள்.