கண்டியில் விருந்து, கடன் அட்டையில் நிலுவை

கேள்வி: நான் ஹட்டனைச் சேர்ந்தவள், கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் 90,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்து, மாதம் 30,000 ரூபாயை வீட்டுக்கு அனுப்புகிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் அம்மா, அப்பாவின் முப்பதாவது திருமண நாள். அப்பாயியையும் இரு தம்பிமாரையும் சேர்த்து ஆறு பேராக, கண்டியில் புதிதாகத் திறந்திருக்கும் இந்திய ஃபியூஷன் உணவகத்துக்குப் போக ஆசைப்படுகிறேன். செட் மெனு தலைக்கு 4,000 ரூபாய். அலுவலக நண்பர்களுடன் மாதம் இரு தடவை இப்படியான இடங்களுக்குப் போவதில் ஒவ்வொரு முறையும் என் பங்கு 6,000 வரை வருகிறது. அதனாலேயே கடன் அட்டையில் 26 வீத வட்டியில் 64,000 ரூபாய் நிலுவை சேர்ந்துவிட்டது. 8 வீத வட்டியில் 200,000 ரூபாய்க்கு ஓராண்டு நிலையான வைப்பு உண்டு. முதிர இன்னும் மூன்று மாதம். விருந்துக்கு அட்டையில் தவணை போடுவதா, வைப்பை உடைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் விருந்தைக் கைவிடவும் வேண்டாம். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு உங்களைக் கடனாளியாக்கவில்லை; மாதம் இரு தடவை வரும் செலவுதான் ஆக்கியிருக்கிறது.

முதலில் விருந்தின் உண்மையான விலையைப் பார்ப்போம். உணவுப் பட்டியலில் உள்ள 4,000 ரூபாயுடன் 10 வீத சேவைக் கட்டணமும், பெறுமதி சேர் வரிக்குப் (வற்) பதிவு பெற்ற உணவகமாக இருந்தால் 18 வீத வற் வரியும் சேரும்போது, தலைக்குக் குறைந்தது 5,120 ரூபாய் ஆகிறது. ஆறு பேருக்கு 30,720. பட்டியல் விலையில் இவை அடங்குமா என்பதை மேசை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அதன் பின் ஹட்டனிலிருந்து வந்து திரும்பும் செலவு இருக்கிறது. இரவு விருந்தென்றால் அப்பாயியை வைத்துக்கொண்டு பத்து மணிக்குப் பஸ் தேட முடியாது. வேன் ஹயருக்குத் தனியாகக் காசு போகும். ஆகவே மதியச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். திருமண நாளுக்கு அண்மையில் போயா விடுமுறை வந்தால் இன்னும் நல்லது: தம்பிமாருக்கும் லீவு கிடைக்கும், அன்று மதுபானம் விற்கத் தடை என்பதால் பில்லும் அந்தப் பக்கமாக ஏறாது.

செட் மெனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லியில் 2009 இல் தொடங்கிய இந்தியன் அக்சென்ட் உணவகம் ப்ளூ சீஸ் திணித்த நான் ரொட்டிக்குப் பெயர் பெற்றது. பழகிய பண்டத்தில் பழகாத சுவையை வைப்பதே இந்த ஃபியூஷன் சமையலின் கெட்டித்தனம். அதில் நீங்கள் விலை கொடுப்பது கைவேலைக்கும் இறக்குமதிப் பொருளுக்கும்தானே தவிர, வயிறு நிறையும் அளவுக்கு அல்ல. தட்டுத் தட்டாக ஏழெட்டு வாய் உணவு வந்து முடிந்ததும் அப்பா "சோறு எப்போது வரும்" என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. செட் மெனுவைக் கட்டாயப்படுத்தாத உணவகமாக இருந்தால், புதுமையான பண்டங்களில் மூன்று நான்கை எல்லோருக்கும் பொதுவாகவும், பெரியவர்களுக்குப் பிரியாணியோ சோறு கறியோ தனியாகவும் எடுங்கள். செலவும் குறையும், அவர்களும் நிறைவாகச் சாப்பிடுவார்கள்.

அட்டையில் தவணை போடுவதை நான் மறுப்பதற்குக் காரணம், நிலுவையை முழுமையாகக் கட்டாதவருக்குப் பொதுவாக வட்டியில்லாக் கால அவகாசம் கிடைப்பதில்லை என்பதே. புதிதாகச் செய்யும் செலவுக்கும் செலவு செய்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். வட்டியில்லாத் தவணை என்று வங்கி அழைத்தாலும், கையாளும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

வைப்பின் கணக்கு சற்று நுட்பமானது. 26 வீதத்தில் கடனை வைத்துக்கொண்டு 8 வீதத்தில் சேமிப்பது நட்டம் என்பதால், உடனே உடைத்து அட்டையை அடைப்பதே சரி என்று தோன்றும். ஆனால் ஒன்பது மாதம் கடந்த உங்கள் வைப்பில் ஏறத்தாழ 12,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கிறது. முதிர்வுக்கு முன் எடுத்தால் வங்கி குறைந்த வீதத்திலேயே வட்டி தரும். அது பாதியாகக் குறைந்தாலே 6,000 ரூபாய் போய்விடும். அட்டை நிலுவைக்கு மூன்று மாத வட்டியோ சுமார் 4,160 ரூபாய்தான். எனவே பொறுத்திருப்பதே இலாபம். உங்கள் வங்கியின் நிபந்தனையைக் கேட்டு இந்தக் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆகக்குறைந்த கொடுப்பனவைத் தவறாமல் கட்டுங்கள். அட்டையைப் புதிய செலவுக்கு எடுக்காதீர்கள். வைப்பு முதிர்ந்த அன்றே நிலுவை முழுவதையும் அடைத்துவிட்டு, மிகுதியை மறுபடி வைப்பிலிடுங்கள். தானாகவே முழுத்தொகையும் புதுப்பிக்கப்படும் ஏற்பாடு இருந்தால் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து நிறுத்த வேண்டும்.

விருந்துக்கான காசு எங்கிருந்து வரும்? அடுத்த இரண்டு மாதத்தில் நண்பர்களுடன் போகும் நான்கு தடவைகளையும் நிறுத்தினால் 24,000 ரூபாய் கையில் நிற்கும். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து எடுத்தால் அது பெரும்பாலும் போதும். குறைந்தால், உழைக்கும் தம்பி இருந்தால் அவரிடம் பங்கு கேட்பதில் தவறில்லை, அவருக்கும் அம்மா அப்பாதானே. நண்பர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டை நிலுவை தீர்ந்த பின் மாதம் ஒரு தடவை, கையில் உள்ள காசுக்கு, அவர்களுடன் தாராளமாகப் போகலாம்.