எஸ்.எஸ். பைப்பில் பிளேடு வழுக்குகிறதா?

கேள்வி: மாடிப்படிக் கைப்பிடிக்கு வாங்கிய எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பை ஹாக்ஸா பிளேடால் அறுக்கிறேன். கீறல் விழுந்ததோடு சரி, பிளேடு வழுக்குகிறது. இரண்டு பிளேடு மழுங்கியாயிற்று. "304 பைப், அப்படித்தான் சார்" என்கிறார் கடைக்காரர். பைப் அவ்வளவு கடினமா, பிளேடு போலியா?

பதில்: நல்ல பிளேடின் பல்லுக்கு முன்னால் 304 என்ற எஸ்.எஸ். ரகம் மிருதுவான உலோகம்தான். கோளாறு பெரும்பாலும் வேகத்தில். எஸ்.எஸ்ஸில் பல் கடிக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தால், தேய்ந்த இடம் இறுகிப்போகும். சாதா இரும்பில் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. நிமிடத்துக்கு 40 தடவை தள்ளினால் போதும். தள்ளும்போது நன்றாக அழுத்துங்கள், திரும்பும்போது கையைத் தளர்த்துங்கள், நடுநடுவே எண்ணெய் விடுங்கள். பளபளத்துவிட்ட பழைய வெட்டுத்தடத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பைப்பைத் திருப்பி, வேறு பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள்.

'எப்போதும் மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும்' என்று ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுப்பார்கள். மெல்லிய பைப்பில் அது நடக்காது. அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடில்கூட ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 0.8 மி.மீ. இடைவெளி. பைப்பின் சுவரோ பல நேரம் 1.2 மி.மீ.தான். ஒரே இடத்தில் நேராகக் கீழே இறக்கினால் சுவரின் விளிம்பு பல்லிடுக்கில் மாட்டி, பல்லைப் பெயர்த்துவிடும். எனவே சுவர் அறுபட்டவுடன் நிறுத்தி, பைப்பைக் கொஞ்சம் உருட்டி, மறுபடி அறுங்கள். இப்படியே சுற்றிவர வேண்டும். உள்ளே மரக்கட்டையை இறுக்கமாகச் செருகிக்கொண்டால் இன்னும் நல்லது. 18 பல் பிளேடு இதற்கு ஆகவே ஆகாது.

ஆனால் கடையில் 'ஒரு பிளேடு கொடுங்க' என்றால் கைக்கு வந்ததைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பல் எண்ணிக்கை அச்சிடாத, பெயின்ட் மட்டும் பளிச்சென்று இருக்கும் பிளேடை வாங்காதீர்கள். 32 பல், பைமெட்டல் (பல்லுக்குக் கடினமான எஃகு, முதுகுக்கு வளையும் எஃகு) என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர்கள் காட்டும் இன்னொரு வித்தை காந்தம். "ஒட்டவில்லை பாருங்க, 304" என்பார்கள். நிக்கல் குறைந்த, விலை மலிந்த 202-லும் காந்தம் ஒட்டாது! மாங்கனீசு கூடிய அந்த ரகம் தேய்க்கத் தேய்க்க இறுகுவதில் 304-க்குச் சளைத்ததல்ல. துருவும் சீக்கிரம் பிடிக்கும். 304 என்று சொல்லி இதைத் தலையில் கட்டுகிறவர்களை யார் கேட்கிறார்கள்? வாங்குகிறவரே உலோக நிபுணராக வேண்டியிருக்கிறது. அடுத்த முறை பில்லில் '304' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பைப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.