வரைகலை கேள்வி–பதில்: நிழலுக்கும் ஓர் உருவம் உண்டு

கேள்வி: ஆறு மாதங்களாக இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வெக்டர் படங்கள் (நிறப்புள்ளிகளாக அல்லாமல் கோடுகளும் உருவங்களுமாக அமையும் படங்கள்) வரையப் பழகி வருகிறேன். சன்னலோரம் ஒரு நாற்காலி, அதில் உறங்கும் பூனை, அருகில் ஒரு செடித்தொட்டி என்று அண்மையில் செய்த படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குறை தெரியவில்லை. சேர்த்துப் பார்த்தால் வெவ்வேறு படங்களிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கிரேடியன்ட் (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறும் நிரப்பு) கொடுத்தும் பிளாஸ்டிக் பொம்மைகளாகவே தெரிகின்றன. முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும், படவமைப்பையா, ஷேடிங்கையா (நிழலிடுதலையா)?

பதில்: உங்கள் படத்தைப் பார்த்தேன். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. பூனையின் முதுகு வளைவை நான்கைந்து நோடுகளிலேயே (கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகளிலேயே) முடித்திருப்பது ஆறு மாதப் பழக்கத்துக்கு நல்ல தேர்ச்சி. நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கும் கேள்வி உண்மையில் ஒன்றுதான். படத்தில் எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருட்டு என்ற பங்கீடு முன்கூட்டியே முடிவாகாததால் அமைப்பும் குலைந்திருக்கிறது, ஷேடிங்கும் பொய்யாகத் தெரிகிறது.

இதில் உங்கள் தவறு பாதி, மென்பொருளின் இயல்பு பாதி. தாளில் கரித்துண்டால் நிழலிடுபவரின் கை பூனையின் வயிற்றிலிருந்து நாற்காலி இருக்கைக்கும் அங்கிருந்து தரைக்கும் தடையில்லாமல் போய்விடும். ஆனால் வெக்டரில் ஒவ்வொரு உருவமும் தனிப்பொருள் என்பதால், கிரேடியன்டும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் இடப்படுகிறது. அதன் விளைவு உங்கள் படத்திலேயே இருக்கிறது. சன்னல் இடப்பக்கம் இருக்கும்போது தொட்டியின் வலப்பக்கம் பளிச்சிடுகிறது. பூனை மேலிருந்து ஒளி பெறுகிறது. நாற்காலியின் நான்கு கால்களிலும் ஒரே அளவு மினுமினுப்பு. ஓர் அறைக்குள் நான்கு விளக்குகளை ஏற்றிவிட்டீர்கள்.

எனவே இந்தப் படத்தின் நகல் ஒன்றை எடுத்து, எல்லா கிரேடியன்டுகளையும் நீக்கிவிட்டு, வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு ஆகிய மூன்றே நிறங்களால் ஒவ்வொரு உருவத்தையும் நிரப்பிப் பாருங்கள். சன்னல் வெள்ளை என்றால் அதற்கு முன்னால் வரும் நாற்காலி முதுகு கறுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தாக வேண்டும். பூனைதான் படத்தின் உயிர் என்றால், படத்திலேயே மிகக் கூர்மையான கறுப்பு வெள்ளை வேறுபாடு பூனையின் தலையருகில் அமைய வேண்டும்; தொட்டியும் தரையும் ஒன்றோடொன்று கலந்து அடங்கிப் போகலாம், போக வேண்டும். இதைத் திரை முழுவதும் விரித்து வைத்துச் செய்யாதீர்கள். தபால்தலை அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, நான்கைந்து விதமாக நிரப்பிப் பாருங்கள். வெக்டரில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது என்பது பெரிய வசதி. அதே வசதிதான் தொடக்கநிலையில் இருப்பவரைப் பூனையின் மீசைக்குள் இழுத்துச்சென்று முழுப்படத்தையும் மறக்கச் செய்கிறது.

நிறங்களுக்குத் திரும்பும்போது ஒரு பொறி இருக்கிறது. நிறத்தேர்வுப் பெட்டியின் எச்.எஸ்.பி. முறையில் (சாயல், செறிவு, வெளிச்சம் என்ற மூன்று எண்களால் நிறத்தைக் குறிக்கும் முறை) தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் வெளிச்ச அளவு ஒரே 100 என்றுதான் காட்டும். கண்ணுக்கோ மஞ்சள் ஏறத்தாழ வெள்ளைக்குப் பக்கத்திலும், நீலம் கறுப்புக்குப் பக்கத்திலும் நிற்கிறது. திரை ஒளியின் பிரகாசத்தில் பச்சைக்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 என்ற அளவில்தான் பங்கு உண்டு என்பதே காரணம். ஆகவே அந்த எண்ணை நம்பாமல், படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்துச் சரிபாருங்கள். இங்க்ஸ்கேப்பில் படத்தை மாற்றாமலேயே அப்படிக் காட்டும் வசதி பார்வைப் பட்டியில் உள்ளது. மற்ற மென்பொருள்களில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்புச் செவ்வகத்தை வைத்து, அதன் கலப்பு முறையை (அடியிலுள்ள நிறங்களோடு அது சேரும் விதத்தை) ‘கலர்’ என்று மாற்றினால் போதும்.

அமைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, உங்கள் பூனையின் வால்நுனி தொட்டியின் விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கிறது; நாற்காலி முதுகின் மேல்கோடு சன்னல் சட்டத்தின் கீழ்கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு விளிம்புகள் இப்படித் தொட்டும் தொடாமலும் நின்றால் எது முன்னே, எது பின்னே என்று கண்ணுக்குப் புரியாமல் ஆழம் காணாமல் போகும். ஒன்று, வால் தொட்டியை மறைக்கட்டும். அல்லது தெளிவான இடைவெளி விட்டு விலகட்டும். வெட்டி ஒட்டியதுபோல் தெரிவதற்குப் பெரும்பங்கு இந்தத் தொடுகைகளுக்கு உண்டு. விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் ஸ்னாப் வசதியை எப்போதும் இயக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது தாமாகவே நேரும். இரண்டாவது, மூன்று பொருள்களும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே இடைவெளியில், கடை அலமாரியில் அடுக்கியதுபோல் நிற்கின்றன. நாற்காலியைப் பெரிதாக்கி அதன் ஒரு காலைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுங்கள், தொட்டியைப் பாதியாகச் சுருக்குங்கள். படத்தை மூன்றாகப் பகுத்து அந்தக் கோடுகளில் பொருளை வைக்கும் விதியைப் பலரும் சொல்வார்கள். அது நடுவில் வைக்கும் பழக்கத்தை உடைப்பதற்குப் பயன்படும். அதற்கு மேல் நான் அதை நம்புவதில்லை.

கேள்வி: உருண்டையான பொருள்களுக்கு நிழலிட, வட்டத்தின் நகலைச் சற்று நகர்த்தி, அசலிலிருந்து கழித்துப் பிறைவடிவம் எடுக்கிறேன். ஏனோ அது உருண்டையாகத் தோன்றாமல் தட்டில் ஒட்டிய பிறைபோல் இருக்கிறது.

பதில்: பிறையின் கொம்புகளைக் கவனியுங்கள். தொலைவிலிருந்து ஒளி படும் ஓர் உருண்டையில் வெளிச்சமும் இருளும் பிரியும் கோடு, அந்த உருண்டையை நேர்பாதியாகச் சுற்றும் வட்டம். பக்கவாட்டில் பார்க்கும்போது அது ஒரு நீள்வட்டத்தின் பாதியாகத் தெரியும். அதன் இரு முனைகளும் உருண்டையின் விட்டத்தின் இரு முனைகளில்தான் முடியும். வானத்துப் பிறையின் கொம்புகள் எப்போதும் நேரெதிரே நிற்பது இதனால்தான். அதே அளவுள்ள வட்டத்தை நகர்த்திக் கழிக்கும்போது கொம்புகள் விட்டத்துக்குக் குறைவான இடைவெளியில் முடிந்துவிடுகின்றன, கண் ஏமாற மறுக்கிறது. ஆகவே வட்ட நகலை நகர்த்தாமல், அகலத்தை மட்டும் குறைத்து நீள்வட்டமாக்கி, அதன் பாதியை நிழலின் எல்லையாகக் கொள்ளுங்கள். பிறகு முழுவதையும் ஒளியின் திசைக்கேற்பச் சுழற்றலாம்.

அந்த எல்லையை மங்கலாக்க வேண்டுமா என்ற கேள்வியும் உங்களுக்கு எழும். உருண்டையின் மேல் விழும் சொந்த நிழலுக்கு மென்மை வேண்டும்தான். ஆனால் ஒரு பொருள் வேறொன்றின்மேல் வீழ்த்தும் நிழலுக்கு நாம் நினைக்கும் அளவு வேண்டியதில்லை. சூரியன் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமே உள்ளதால், ஒளிக்கு நேர் எதிரே பிடித்த பரப்பில் 1 மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்தான் மங்கும். பொருள் தரையைத் தொடும் இடத்தில் ஓரம் கத்திபோல் இருக்கும். பயிற்சிக் காலத்தில் தட்டை நிறத்தில், கூர்மையான விளிம்போடு நிழல் உருவங்களை வரைந்து, கிளிப்பிங் மாஸ்க்கால் (ஓர் உருவத்துக்கு வெளியே நீள்வதை மறைக்கும் வசதியால்) பொருளுக்குள் அடக்கிப் பழகுங்கள். நிழலின் உருவம் சரியாக இருந்தால் மங்கலாக்காமலேயே பொருள் திரண்டு நிற்கும்.

கேள்வி: நிழலுக்குக் கறுப்பை 30 விழுக்காடு ஒபாசிட்டியில் (ஒளிபுகாத்தன்மையில்) வைக்கிறேன், அழுக்குப் படிந்ததுபோல் ஆகிறது. நீலத்திலிருந்து மஞ்சளுக்கு கிரேடியன்ட் கொடுத்தால் நடுவிலும் அதே அழுக்கு. என்ன செய்வது?

பதில்: கறுப்பை அப்படி வைக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. நிறத்தின் சாயல் இம்மியும் மாறாமல் ஒளி மட்டும் போய்விடுகிறது. நிழலுக்குள்ளும் வானத்திலிருந்தோ சுவரிலிருந்தோ ஏதாவது ஒரு நிறஒளி வந்துகொண்டுதான் இருக்கும். எனவே நீலம் கலந்த ஒரு வெளிர்நிறத்தை ‘மல்டிபிளை’ முறையில் வையுங்கள். அதன் கணக்கு எளியது: ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களால் ஆனது; இரு நிறங்களின் அந்தந்த எண்களைப் பெருக்கி 255ஆல் வகுக்க வேண்டும். 240, 180, 140 என்ற தோல்நிறத்தின் மேல் 150, 150, 200 என்ற நீலச்சாம்பலை வைத்தால் 141, 106, 110 கிடைக்கும். இருண்டும் இருக்கிறது, சற்றே குளிர்ந்தும் இருக்கிறது. எல்லா நிழல்களுக்கும் இந்த ஒரே நிறத்தைப் பயன்படுத்தினால் படமும் ஒன்றுசேரும்.

கிரேடியன்ட் விஷயமும் கணக்குதான். 0, 0, 255க்கும் 255, 255, 0க்கும் சராசரி எடுத்தால் மூன்றும் 128ஐ ஒட்டி நின்றுவிடும். அது சுத்தச் சாம்பல். நடுவில் மூன்றாவது நிறப்புள்ளி ஒன்றைச் சேர்த்து, அதற்குப் பச்சையையோ இளஞ்சிவப்பையோ கொடுங்கள்.

கேள்வி: கிரேடியன்ட் மெஷ் கற்றுக்கொண்டால் ஷேடிங் எளிதாகிவிடும் என்கிறார்கள். இப்போதே தொடங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 1998இல் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வெக்டர் மென்பொருளின் 8ஆம் பதிப்பில் வந்த இந்த வசதி, 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து இங்க்ஸ்கேப்பிலும் உள்ளது. வலைபோல் பின்னிய ஒவ்வொரு நோடுக்கும் தனி நிறம் தரலாம் என்பதால் பழக்கூடை, கார் போன்றவற்றைப் புகைப்படம்போலவே வரைபவர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு இருட்டு வேண்டும் என்பதை அது சொல்லித்தராது; அதை அறியாதவர் கையில் நாற்பது நோடுகள் கிடைத்தால் நாற்பது இடங்களில் தவறு நேரும். மேலும் இணைய உலாவிகள் எஸ்.வி.ஜி. எனும் வெக்டர் படக் கோப்பிலுள்ள மெஷ்ஷைத் தாமாகக் காட்டுவதில்லை. நேர்கோட்டு கிரேடியன்ட், வட்ட கிரேடியன்ட் இரண்டை மட்டும் வைத்து, ஒரே சன்னல், ஒரே திசை ஒளி என்ற கட்டுப்பாட்டோடு பத்துப் படங்கள் வரைந்து முடித்தபின் மீண்டும் எழுதுங்கள்.