வறட்சி டானிக் வாங்கும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மானாவாரியில் 2 ஏக்கர் நிலக்கடலை போட்டிருக்கிறேன். பூ விட்டு விழுது (மண்ணுக்குள் போய்க் காயாகும் காம்பு) இறங்குகிற நேரத்தில் மழை நின்றுவிட்டது. உரக்கடையில் 'வறட்சி தாங்கும் டானிக்' என்று ஒரு லிட்டர் 1,400 ரூபாய் சொல்கிறார்கள். அடித்தால் ஒரு மாதத்துக்குத் தண்ணீரே வேண்டாம், மகசூல் 40 சதவீதம் கூடும் என்கிறார் கடைக்காரர். இதையும் சேர்த்து எடுத்தால்தான் யூரியா தருவாராம். வாங்கலாமா?

பதில்: ஒரு மாதம் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னபோதே நீங்கள் கடையை விட்டு இறங்கியிருக்கலாம். எந்த டானிக்கும் தண்ணீருக்கு மாற்று கிடையாது. நல்ல சரக்காக இருந்தால் செடி வாடுவதைச் சில நாள் தள்ளிப்போடும், பூ உதிர்வதைக் குறைக்கும், மழை வந்ததும் பயிர் சீக்கிரம் தெளியும், அவ்வளவுதான். அதுவும் இலை வாடாமல் இருக்கும்போதே அடித்தால்தான். மத்தியானம் வாடி சாயங்காலமும் நிமிராத செடி, தெளித்ததை உறிஞ்சிக்கொள்ளாது. மேல்மண் இறுகிக் கிடந்தால் விழுது உள்ளே இறங்காது, அதற்கு எந்தப் பாட்டிலிலும் மருந்து இல்லை.

சரி, பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். ஜிப்ரலிக் அமிலம், குளோர்மெக்வாட், பிராசினோலைடு போன்ற வளர்ச்சி ஊக்கிகள் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருபவை, அதனால் லேபிளில் மத்தியப் பதிவு எண் இருக்க வேண்டும். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் போன்றவை 'பயோஸ்டிமுலன்ட்' (உயிரித் தூண்டி) வகை. 2021-இல் இவற்றை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதுவரை இவற்றுக்குக் கொடுத்திருந்த தற்காலிகச் சான்றை வைத்து விற்பதற்கான அவகாசமும் 2025 ஜூனோடு முடிந்தது. ஆக என்ன சத்து, எத்தனை சதவீதம், எந்தப் பயிருக்கு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி எதுவும் இல்லாமல் வெறும் 'இயற்கை அதிசயம்' என்று மட்டும் அச்சடித்திருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும், வளர்ச்சி ஊக்கி எல்லாமே வறட்சிக்கு ஆகாது. ஜிப்ரலிக் அமிலம் செடியை நீட்டி வளரவைக்கும், தண்ணீர் இல்லாத நேரத்தில் இலை பெருகினால் நீரிழப்பும் சேர்ந்து பெருகும்.

உங்கள் பயிருக்கு என்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'நிலக்கடலை ரிச்' என்று ஒரு பவுடர் விற்கிறது, சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்தது. ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பூக்கும்போது ஒரு தடவை, காய் பிடிக்கும்போது ஒரு தடவை. கோயம்புத்தூரில் பயிர் வினையியல் துறையில் கிடைக்கும். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் போனில் கேட்டுப் பாருங்கள். மகசூல் 15 சதவீதம் வரை கூடும் என்றுதான் பல்கலைக்கழகமே சொல்கிறது, அப்படியிருக்க உங்கள் கடைக்காரரின் 40 எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.

பெரிய செலவு வேண்டாம் என்றால் பொட்டாஷ் இருக்கிறது. லிட்டருக்கு 10 கிராம் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் கரைத்து, துணியில் வடிகட்டி (இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும்) காலையிலோ மாலையிலோ அடிக்கலாம். நீர் வெளியேறும் இலைத்துளைகள் திறந்து மூடுவதற்குச் செடிக்குப் பொட்டாசியம்தான் வேண்டும், அதனால்தான் இந்தப் பழைய வைத்தியம் இன்னும் பரிந்துரையில் இருக்கிறது.

அப்புறம் அந்த யூரியா விஷயம். இணைப்பொருள் வாங்கினால்தான் உரம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், கடையின் பெயர், தேதி, கேட்ட தொகை எல்லாம் போட்டு.

கேள்வி: பிபிஎஃப்எம் என்ற பாக்டீரியா திரவம் வறட்சிக்கு நல்லது என்று வாங்கி அடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம், செத்துப்போன சரக்காகவும் இருக்கலாம். அதில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தாலோ, தேதி தாண்டியிருந்தாலோ, நீங்கள் பூச்சி மருந்தோடு ஒரே டேங்கில் கலந்திருந்தாலோ வேலை செய்யாது. தேதி பார்த்து நிழலில் இருந்ததை வாங்குங்கள், டேங்கை நன்றாகக் கழுவிவிட்டு இதை மட்டும் தனியாக அடியுங்கள்.

கேள்வி: போன வருஷம் வாங்கிய டானிக் அடித்து இலை கருகிவிட்டது. இப்போது வழக்குப் போட முடியுமா?

பதில்: இரண்டு வருஷத்துக்குள் போடலாம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று விதை வழக்கு ஒன்றில் 2012-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பேட்ச் எண் உள்ள பில், காலி பாட்டில், தேதியோடு எடுத்த வயல் படம், வேளாண் அலுவலர் வந்து பார்த்திருந்தால் அவர் கொடுத்த அறிக்கை, இவ்வளவும் கையில் இருந்தால் நல்லது. மீதிச் சரக்கு இருந்தால் திறக்காமல் பத்திரமாக வையுங்கள், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வழக்குக்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், சில நேரம் அங்கேயே பணம் திரும்பி வந்துவிடும்.